மதிப்பெண் காட்டாத மனம்



பத்தாண்டுகளாகக் கவிதையும் காவியமும் பேசி வந்த அவையில் இயற்பியல் தேர்வைப் பற்றி ஓர் உரையா என்னும் ஐயம் சிலர்க்கு எழலாம். ஐயம் நியாயமானதே. ஆயினும் இவ்வுரையின் பொருள் கவிஞர்க்கு அயலானது அன்று. சொல்பவர் ஒரு பொருளை எண்ணிச் சொல்ல, கேட்பவர் வேறொரு பொருளைக் கொண்டு மகிழ்ந்து போவது கவியரங்குகளில் அடிக்கடி நிகழ்வது. கவிதையில் அதனால் பெருங்கேடு இல்லை. சில வேளை நன்மையும் உண்டு. வகுப்பறையில் நிலை வேறு. ஆசிரியர் 'விசை' என்கிறார். மாணவர் 'விசை' என்று எழுதிக்கொள்கிறார். ஆண்டு இறுதித் தேர்வில் வரையறையைச் சொல் பிசகாமல் எழுதுகிறார். சமன்பாட்டில் எண்களை இட்டுச் சரியான விடையையும் காண்கிறார். முழு மதிப்பெண்ணும் பெறுகிறார். அத்தனைக்கும் பிறகு, ஆசிரியர் எண்ணிய விசையும் மாணவர் எண்ணிய விசையும் ஒன்றுதானா என்று சோதித்துப் பார்த்தவர்கள், பெரும்பாலும் ஒன்றன்று என்றே கண்டார்கள். அதை எவ்வாறு கண்டார்கள், அதனால் விளைந்தது என்ன, தமிழில் கற்பிப்போர்க்கும் எழுதுவோர்க்கும் அதில் என்ன பங்கு உண்டு என்பனவே இவ்வுரையின் பொருள்.

சுண்டிய நாணயம்

முதலில் ஒரு சிறு வினா. ஒருவர் நாணயம் ஒன்றை நேர்மேலே சுண்டுகிறார். நாணயம் விரலை விட்டு நீங்கி மேலேறிக்கொண்டிருக்கிறது. காற்றின் தடையைக் கணக்கில் கொள்ள வேண்டுவதில்லை. அந்த வேளையில் நாணயத்தின்மேல் செயல்படும் விசைகள் எவை?

பலரும் தரும் விடை இது: கை கொடுத்த விசை நாணயத்தை மேலே தள்ளுகிறது, புவியின் ஈர்ப்பு கீழே இழுக்கிறது, தொடக்கத்தில் கை கொடுத்தது மிகுதி, அது சிறிது சிறிதாகத் தேய்ந்து உச்சியில் ஈர்ப்புக்குச் சமமாகிறது, பிறகு ஈர்ப்பு வெல்ல, நாணயம் வீழ்கிறது. கேட்க அழகான விடை. இரு வீரர் பொருதும் களக்காட்சி போன்றது. ஆனால் பிழையான விடை. விரலை விட்டு நீங்கிய கணத்திலேயே கைக்கும் நாணயத்துக்கும் இருந்த தொடர்பு அற்றுவிட்டது. மேலேறும்போதும், உச்சியில் ஒரு கணம் நிற்கும்போதும், கீழிறங்கும்போதும் அதன்மேல் செயல்படுவது கீழ்நோக்கிய ஈர்ப்பு ஒன்றுதான். நாணயம் மேலேறுவது அது முன்பே பெற்றுவிட்ட இயக்கத்தால். அந்த இயக்கத்தை ஈர்ப்பு குறைத்துக்கொண்டே வருகிறது, பிறகு திருப்பிவிடுகிறது.

அமெரிக்க ஆய்வாளர் ஜான் கிளமெண்ட் இவ்வினாவைப் பொறியியல் பயிலும் மாணவரிடம் கேட்டு, கண்டவற்றை 1982இல் வெளியிட்டார். பெரும்பான்மையோர் மேல்நோக்கிய விசை ஒன்றை வரைந்து காட்டினர். இயக்கவியல் பாடத்தைக் கற்று முடித்தவர்களிலும் மிகப் பலர் அவ்வாறே வரைந்தனர். பள்ளியில் நல்ல மதிப்பெண் பெற்றுப் பொறியியலுக்கு வந்தவர்கள் அவர்கள். ஆகவே சோம்பலையோ அறிவுக் குறைவையோ காரணமாகச் சொல்ல இயலாது.

பிழைக்கும் ஒரு பரம்பரை

இப்பிழையை எளிதாக நகைத்துத் தள்ளிவிடக் கூடாது. அதற்கு நீண்ட வரலாறு உண்டு. மாடு இழுக்கும்வரை வண்டி ஓடுகிறது. மாடு நின்றால் வண்டி நிற்கிறது. இயங்கும் பொருளை இயக்கிக்கொண்டே இருக்க ஒன்று வேண்டும் என்று அரிஸ்டாட்டில் கருதியது இத்தகைய அன்றாடக் காட்சியோடு ஒத்துப்போவது. எய்த அம்பு வில்லை விட்டு நீங்கிய பின்னும் பறப்பது அவருடைய கொள்கைக்கு இடராக நின்றது. ஆறாம் நூற்றாண்டில் பிலோபோனஸ், எறிபவர் எறிபொருளுக்குள் ஓர் உந்துதலை ஊட்டிவிடுகிறார் என்றார். பதினான்காம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துப் பூரிடான் அக்கருத்தை விரித்து உறுதிப்படுத்தினார். நாணயம் சுண்டிய மாணவர் சொன்ன விடை ஏறத்தாழ இவர்கள் சொன்னதே. ஒரு நூலையும் பாராமல், தம் கையையும் கண்ணையும் கொண்டு அவர் அவ்விடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

அவ்விடத்தை விட்டு மனித அறிவு நகர்வதற்கு நெடுங்காலம் பிடித்தது. கலிலியோ தம் இயக்க ஆய்வுகளை 1638இல் நூலாக்கினார். நியூட்டனின் பெருநூல் 1687இல் வெளிவந்தது. இரண்டாயிரம் ஆண்டுகள் பேரறிஞர்களுக்குப் பிடிபடாத ஒன்றை, பதினான்கு வயதுச் சிறுவர்க்கு நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளை இரண்டில் முடித்துவிட்டு, மூன்றாம் நாள் வீட்டுக்கணக்குக் கொடுத்துவிடுவது உலகெங்கும் பள்ளிகளின் வழக்கம். அவர்கள் பழைய கருத்தைக் கைவிடாததில் வியப்பில்லை. அதை ஒருவரும் கேட்டறியவில்லை என்பதுதான் வியப்பு.

அரிசோனாவில் எழுந்த வினாத்தாள்

கேட்டறிய முற்பட்டவர்களில் முதன்மையானவர்கள் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இப்ராஹிம் ஹலூனும் டேவிட் ஹெஸ்டனிசும் ஆவர். அவர்கள் வகுத்த தேர்வைப் பற்றிய கட்டுரைகள் 1985இல் வெளிவந்தன. அத்தேர்வில் கணக்கீடு இல்லை, சமன்பாடு இல்லை. அன்றாட நிகழ்ச்சி ஒன்று சொல்லப்படும். அடுத்து என்ன நிகழும், ஏன் நிகழும் என்று கேட்கப்படும்.

அத்தேர்வு உருவான முறை கருதத்தக்கது. வினாக்களை முதலில் மாணவரிடம் விடைகள் இன்றிக் கொடுத்து, அவர்களே தம் சொற்களில் எழுதச் செய்தனர். அவர்கள் எழுதிய தவறான விடைகளில் அடிக்கடி வந்தவற்றைத் தொகுத்து, அவற்றையே பின்னர்த் தெரிவு விடைகளாக அமைத்தனர். வழக்கமான தேர்வுத்தாளில் தவறான தெரிவுகள் ஆசிரியர் மேசையில் பிறக்கின்றன. மாணவரை ஏமாற்ற அமைந்தவை என்னும் தோற்றமும் அவற்றுக்கு உண்டு. இங்கோ ஒவ்வொரு தவறான தெரிவும் ஏதோ ஒரு மாணவர் மனமார நம்பிய ஒன்று. ஆகையால் ஒருவர் எந்தத் தவறைத் தெரிந்தெடுக்கிறார் என்பதும் அவர் மனத்தைக் காட்டும் குறிப்பாகிறது.

அப்பல்கலைக்கழகத்தில் நால்வர் ஒரே பாடத்தை நடத்தினர். நால்வர் முறையும் வேறு வேறு. ஒருவர் செய்முறை காட்டி விளக்குவதில் வல்லவர். இன்னொருவர் கணக்குகளைத் தீர்த்துக் காட்டுவதில் கருத்தூன்றியவர். கற்பித்தலுக்காகப் பாராட்டுப் பெற்றவரும் அவர்களுள் இருந்தார். பாடத்துக்கு முன்னும் பின்னும் தேர்வு வைத்துப் பார்த்தபோது, நால்வர் மாணவரும் அடைந்த முன்னேற்றம் ஏறத்தாழ ஒன்றே, அதுவும் சிறிதே. யார் சொன்னார், எவ்வளவு நன்றாகச் சொன்னார் என்பது அடிப்படைக் கருத்து மாறுவதற்கு உதவவில்லை.

அத்தேர்வைத் திருத்தியும் விரித்தும் ஹெஸ்டனிஸ், மால்கம் வெல்ஸ், கிரெக் சுவாக்ஹாமர் ஆகிய மூவரும் 1992இல் புதிய வினாத்தாள் ஒன்றை வெளியிட்டனர். விசை பற்றிய கருத்துகளைக் கணக்கெடுக்கும் தாள் என்னும் பொருளில் அதற்குப் பெயரிட்டனர். 1995இல் திருத்தப்பெற்ற வடிவில் 30 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் 5 தெரிவுகள். பின்னர்ப் பல மொழிகளில் பெயர்க்கப்பெற்றது. 60 விழுக்காடு பெற்றவர் நியூட்டனின் சிந்தனைக்குள் நுழையத் தொடங்கியவர் என்றும், 85 விழுக்காடு பெற்றவர் அதில் தேர்ந்தவர் என்றும் அதை வகுத்தவர்கள் எல்லை குறித்தனர்.

அவ்வகை வினாக்கள் மூன்றை இங்குச் சுருக்கமாகக் காணலாம். ஒரே அளவுள்ள இரு உலோகக் குண்டுகள். ஒன்று மற்றொன்றைப் போல் இரு மடங்கு எடை உடையது. இரண்டையும் மாடியிலிருந்து ஒரே நேரத்தில் விட்டால் எது முதலில் தரையை அடையும்? கனத்தது பாதி நேரத்தில் அடையும் என்பது பலர் விடை. இரண்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அடையும் என்பதே சரி. 1971இல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் காற்றில்லாத நிலவின்மேல் சுத்தியலையும் இறகையும் ஒன்றாக விட்டுக் காட்டியது இவ்வுண்மையையே.

இரண்டாவது: பாரம் ஏற்றிய லாரியும் சிறு காரும் நேருக்கு நேர் மோதுகின்றன. எது எதன்மேல் செலுத்தும் விசை பெரிது? லாரியே என்பர் பெரும்பாலோர். இரு விசையும் சமம். கார் நசுங்குவதற்குக் காரணம், அதே அளவு விசை சிறிய பொருளில் பெரிய மாற்றத்தை விளைவிப்பது. ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்று முந்தைய நாள் உரக்க ஒப்பித்தவரே, லாரியைக் கண்டதும் அவ்விதியை மறந்துவிடுகிறார்.

மூன்றாவது, கயிற்றில் கட்டிச் சுழற்றப்படும் குண்டு. கயிறு அறுந்தால் குண்டு எவ்வழியே செல்லும்? வளைந்தே செல்லும் என்று பலர் கோடு வரைகின்றனர். அறுந்த இடத்தில் எத்திசையில் சென்றுகொண்டிருந்ததோ அத்திசையில், வட்டத்தைத் தொட்டுச் செல்லும் நேர்கோட்டில் செல்லும் என்பதே சரி. சங்கப் பாடல்களில் தினைப்புனம் காக்கும் மகளிர் கையில் கவண் உண்டு. கல்லை எப்போது விட்டால் கிளி இருக்கும் இடம் நோக்கிச் செல்லும் என்பது அவர்கள் கைக்குத் தெரிந்திருந்தது. கை அறிந்ததைச் சொல்லாக்கும்போதுதான் இடர் தொடங்குகிறது.

ஒரு பள்ளி ஆசிரியரும் ஒரு பேராசிரியரும்

வினாத்தாளை வகுத்த மூவருள் மால்கம் வெல்ஸ் அரிசோனாவில் உயர்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியர். வெறும் விரிவுரையோடு நின்றவர் அல்லர். மாணவரைத் தம் கையாலேயே ஆய்வு செய்யப் பழக்கியவர். தம் மாணவர் சிறப்பாகக் கற்கின்றனர் என்று அவர் நம்பியிருந்ததற்குக் காரணம் இருந்தது. ஹலூன், ஹெஸ்டனிஸ் ஆகியோரின் தேர்வைத் தம் வகுப்பில் வைத்துப் பார்த்தபோது விளைவு அவரைத் திடுக்கிடச் செய்தது. வழக்கமான முறையில் கற்ற மாணவர்க்கும் அவர் மாணவர்க்கும் பெரிய வேற்றுமை இல்லை.

அந்நிலையில் ஓர் ஆசிரியர்க்கு இரு வழிகள் உண்டு. தேர்வு தவறு என்று ஒதுக்கிவிடலாம். அல்லது தம் முறையை மாற்றலாம். வெல்ஸ் இரண்டாவது வழியைத் தேர்ந்தார். மாணவர் குழுவாகக் கூடித் தம் கருத்தைச் சிறு பலகையில் எழுதி, வகுப்பின் முன் நிறுத்தி, எதிர்ப்புக்கு விடை சொல்லி நிலைநாட்ட வேண்டும் என்னும் முறையை வளர்த்தார். ஆசிரியர் விடையை அறிவிக்க விரையமாட்டார், வினவிக்கொண்டே இருப்பார். அவர் மாணவரின் முன்னேற்றம் தெளிவாக உயர்ந்தது. பள்ளி ஆசிரியர்க்கான பயிற்சிப் பட்டறைகள் அதன் தொடர்ச்சியாக 1990இல் தொடங்கின.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் எரிக் மசூர் வரலாறும் இதனோடு ஒப்பு நோக்கத்தக்கது. மாணவரால் விரும்பப்பட்ட ஆசிரியர் அவர். அரிசோனாவில் கண்டது தம் மாணவர்க்குப் பொருந்தாது என்று எண்ணி 1990ஆம் ஆண்டு வாக்கில் அத்தேர்வை வைத்தார். தேர்வின்போது மாணவி ஒருவர் எழுந்து, இவ்வினாக்களுக்குத் தாங்கள் கற்பித்தபடி விடை எழுதுவதா, தாம் உண்மையாக எண்ணுகிறபடி எழுதுவதா என்னும் பொருள்படக் கேட்டார். கற்பித்தல் பற்றி ஆயிரம் பக்கங்கள் எழுதினாலும் இதைவிடத் தெளிவாகக் குறையை எடுத்துக்காட்ட இயலாது. பாடம் ஓர் அறையிலும் நம்பிக்கை வேறோர் அறையிலும் குடியிருக்கின்றன. இரண்டுக்கும் இடையே கதவு இல்லை. அக்குழந்தைக்கு அது தெரிந்திருந்தது; அவருடைய ஆசிரியர்க்கு அன்றுதான் தெரிந்தது.

மசூர் மின்சுற்றுகளிலும் இதைச் சோதித்தார். சமன்பாடுகள் பல கொண்டு தீர்க்க வேண்டிய கடினக் கணக்கைச் செய்து முடித்தவர்களிலேயே பலர், ஒரு சாவியை மூடினால் எந்த விளக்கு கூடுதலாக ஒளிரும் என்னும் எளிய வினாவில் தடுமாறினர். அதன்பின் அவர் தம் வகுப்பை மாற்றினார். சிறிது விளக்கம், பிறகு ஒரு கருத்து வினா, ஒவ்வொருவரும் தனித்தனியே விடை குறிக்க வேண்டும், பிறகு அருகிருப்பவரோடு வாதிட வேண்டும், மீண்டும் விடை குறிக்க வேண்டும். வாதத்துக்குப் பின் சரியான விடை சொல்வோர் தொகை கூடுவதை அவர் கண்டார். அம்முறையை விளக்கும் நூலை 1997இல் வெளியிட்டார்.

எண்கள் சொல்வது

தனி மனிதர் அனுபவம் மட்டும் சான்றாகாது என்பாருக்கு ரிச்சர்டு ஹேக் 1998இல் வெளியிட்ட தொகுப்பாய்வு விடை தருகிறது. 62 வகுப்புகள், 6,542 மாணவர். அவற்றுள் 14 உயர்நிலைப் பள்ளி வகுப்புகள். அவர் கையாண்ட அளவுகோல் எளியது. பாடத்துக்கு முன் 40 விழுக்காடு பெற்ற வகுப்பு மேலும் பெறக்கூடியது 60. பாடத்துக்குப் பின் 55 பெற்றால், பெறக்கூடிய 60இல் பெற்றது 15. அதாவது கால் பங்கு. விரிவுரையை மட்டும் கேட்ட 14 வகுப்புகளின் சராசரி 0.23. மாணவர் தம்முள் வாதிட்டும் செய்து பார்த்தும் கற்ற 48 வகுப்புகளின் சராசரி 0.48. கேட்டு மட்டும் கற்ற வகுப்புகள், அறியாதிருந்ததில் கால் பங்குக்குக் குறைவாகவே கற்றன என்பது பொருள்.

மற்றொரு ஆய்வு வேறு பாடம் சொல்கிறது. பல்கலைக்கழகத்தில் நுழைந்த சீன, அமெரிக்க மாணவரை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2009இல் வெளிவந்தது. சீன மாணவர் பள்ளியில் 8ஆம் வகுப்பு முதல் 12 வரை தொடர்ந்து இயற்பியல் கற்றவர்கள். விசை பற்றிய இதே வினாத்தாளில் அவர்கள் சராசரி ஏறத்தாழ 86 விழுக்காடு. அமெரிக்க மாணவர் சராசரி ஏறத்தாழ 49. ஆனால் பாடம் சாராத பொது அறிவியல் ஆராய்வுத் திறனைச் சோதித்த மற்றொரு தாளில் இரு சாராரும் 75 விழுக்காட்டை ஒட்டிச் சமமாக நின்றனர். நீண்ட பயிற்சி கருத்தைத் தெளிவிக்கும். அதனாலேயே ஆராயும் அறிவு தானே வளர்ந்துவிடாது.

வினாத்தாளின் குறைகளும் மறைக்கத்தக்கன அல்ல. அது உண்மையில் எதை அளக்கிறது என்று 1995இலேயே ஆய்வாளர் சிலர் வினவினர். மாணவியர் சராசரி மாணவரைவிடக் குறைவாக அமைவது பல ஆய்வுகளில் காணப்பட்டது. சில வினாக்களே பெண்களுக்கு நேர்மையற்றவையாக அமைந்துள்ளன என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. பீரங்கியும் ராக்கெட்டும் பனித்தளத்தில் வழுக்கும் ஹாக்கி வட்டும் எல்லாக் குழந்தைகளின் உலகத்திலும் இருப்பவை அல்ல. வினாக்கள் வெளியே பரவி, விடைகளை மனப்பாடம் செய்யத் தொடங்கினால் அத்தேர்வு பயனற்றுப் போகும். தரவரிசைக்கு அதைக் கையாண்டாலும் அதே கேடுதான். மதிப்பெண்ணுக்கு அஞ்சும் குழந்தை தான் எண்ணுவதைச் சொல்லாது. ஆசிரியர் விரும்புவதையே சொல்லும்.

தமிழில் விசை

இனி, கவிஞர் அவைக்கு உரிய பகுதி. 'விசை' என்னும் சொல்லைப் பள்ளிக்கூடம் படைக்கவில்லை. அது தமிழில் முன்பே வாழ்ந்த சொல். 'விசையாக ஓடினான்' என்றால் வேகமாக ஓடினான் என்பது பொருள். வேகம், விரைவு, துள்ளும் தன்மை, பொறி ஆகியவை அகராதிகளில் அதற்கு உள்ள பொருள்கள். விசைத்தறி, விசைப்படகு என்னும்போது இயந்திர ஆற்றல் குறிக்கப்படுகிறது. இத்தனை வழக்கிலும் விசை என்பது ஓடும் பொருள் தன்னிடத்தே கொண்டிருக்கும் ஒன்று. சுண்டிய நாணயத்துக்குள் விசை இருக்கிறது என்று சொல்லும் மாணவர் தமிழை நன்றாகவே அறிந்தவர். இயற்பியல் அச்சொல்லை எடுத்து வேறு பொருளைச் சுமத்தியிருக்கிறது என்பதை அவர்க்கு ஒருவரும் சொல்லவில்லை. ஆங்கிலச் சிறுவர்க்கும் அவர்தம் மொழியில் இதே இடர் உண்டு.

இயற்பியலில் விசை ஒரு பொருளுக்குள் இருப்பது அன்று. ஒன்று மற்றொன்றின்மேல் செலுத்துவது. இலக்கண ஆசிரியர்க்கு இதை விளக்க நல்ல கருவி கையிலேயே இருக்கிறது. செயப்படுபொருள் குன்றாவினை போன்றது விசை. எழுவாயும் வேண்டும், செயப்படுபொருளும் வேண்டும். ஈர்ப்பு விசையா? புவி நாணயத்தை இழுக்கிறது. எழுவாய் புவி, செயப்படுபொருள் நாணயம். மேல்நோக்கிய விசையா? எழுவாய் எது? கை என்றால், கை நாணயத்தைத் தொட்டுக்கொண்டிருக்கவில்லை. எழுவாய் இல்லாத வாக்கியம் நில்லாதது போல, எழுவாய் இல்லாத விசையும் நில்லாது. எழுவாயையும் செயப்படுபொருளையும் இடம் மாற்றினால் மூன்றாம் விதி கிடைக்கிறது: நாணயமும் புவியை இழுக்கிறது, அதே அளவில். தமிழாசிரியர் ஒருவரும் அறிவியல் ஆசிரியர் ஒருவரும் ஒரு பாடவேளை சேர்ந்து நின்றால் இது எளிதில் விளங்கும்.

கலைச்சொற்களில் மற்றோர் இடரும் உண்டு. தமிழகப் பாடநூல்களில் 'நிறை' என்பது பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு. புவி இழுக்கும் விசைக்கு 'எடை' என்று பெயர். இலங்கைப் பாடநூல்களில் முன்னது 'திணிவு'. புவி இழுக்கும் விசைதான் 'நிறை'. தமிழகத்தில் 'வேகம்' திசையைக் கருதாதது. திசையும் சேர்ந்தது 'திசைவேகம்'. இலங்கையில் திசை கருதாதது 'கதி'. திசையும் சேர்ந்ததே 'வேகம்'. தமிழகத்தின் 'முடுக்கம்' அங்கே 'ஆர்முடுகல்'. இதன் விளைவைக் காண ஒரு வாக்கியம் போதும்: 'வட்டப் பாதையில் ஒரு பொருள் மாறாத வேகத்துடன் செல்கிறது.' தஞ்சாவூரில் இது சரியான வாக்கியம். யாழ்ப்பாணத்தில் இது பிழையான வாக்கியம். வட்டத்தில் செல்லும் பொருளின் திசை கணந்தோறும் மாறுகிறது அல்லவா? எழுத்தும் ஒன்று, இலக்கணமும் ஒன்று, இயற்பியலும் ஒன்று. கடலைக் கடந்ததும் உண்மை பொய்யாகிவிடுகிறது. இரு கரையிலும் உள்ள மாணவரை ஒரே தமிழ் வினாத்தாளால் சோதிக்க முற்படுவோர் முதலில் இதைத் தீர்த்தாக வேண்டும்.

தீர்வு கடினமானதன்று. கலைச்சொல்லைத் தவிர்த்து, நிகழ்ச்சியைச் சொல்லிக் கேட்டால் போதும். 'வட்டத்தில் சுற்றும் கல் ஒரு நொடியில் கடக்கும் தொலைவு மாறவில்லை' என்றால் இரு கரையிலும் விளங்கும். ஹாக்கி வட்டு வேண்டா. கேரம் பலகை இருக்கிறது. பொடி தூவாத பலகையில் சுண்டிய காய் சிறிது தொலைவில் நிற்கிறது. பொடி தூவினால் இன்னும் தொலைவு செல்கிறது. உராய்வே இல்லாத, முடிவே இல்லாத பலகை ஒன்று இருந்தால் அக்காய் எங்கே நிற்கும்? இக்கற்பனையே கலிலியோவை அரிஸ்டாட்டிலிடமிருந்து பிரித்தது. எந்தத் தெருவிலும் உள்ள சிறுவர்க்கும் இது எட்டும். ஊஞ்சல், ராட்டினம், கிணற்றுக் கப்பி, பம்பரம், கவண், நின்று புறப்படும் பேருந்தில் பின்னே சாயும் பயணி என்று வினாவுக்கு உரிய காட்சிகள் குவிந்து கிடக்கின்றன.

அவ்வகை வினாக்களை எழுதும் பணி எழுத்தாளர்க்கு உரியது. ஒரு பொருளுக்கு மேல் இடந்தராத வாக்கியம் எழுதுவது எத்துணைக் கடினம் என்பதைக் கவிஞரைவிட நன்கறிந்தவர் இலர். பல பொருள் தரும் வரியை எழுதத் தெரிந்தவர்க்கே ஒரு பொருள் மட்டும் தரும் வரியின் அருமை தெரியும். வட்டத்தில் ஆசிரியர்கள் பலர் உள்ளனர். அவரவர் பள்ளியில் ஒரு வகுப்பில், மதிப்பெண் இல்லை என்று முன்னரே சொல்லிவிட்டு, நாணய வினா ஒன்றை மட்டும் கேட்டு, மாணவர் எழுதும் விடைகளை அவர்கள் சொற்களிலேயே திருத்தாமல் படியெடுத்து வைக்கலாம். நாற்பது மாணவர் எழுதிய நாற்பது விடைகள், தமிழ்க் குழந்தைகள் உலகத்தை எப்படி எண்ணுகிறார்கள் என்பதற்கு நேர்மையான ஆவணமாகும். அரிசோனாவில் பணி தொடங்கியதும் அவ்வாறே.

அவ்விடைகளைப் படிக்கும்போது சிவப்பு மையை ஒதுக்கி வைப்பது நலம். பிழையாக எழுதிய குழந்தை ஏமாற்றவில்லை. தான் கண்டதைச் சொல்கிறது. அதைக் கேட்ட பிறகுதான் கற்பித்தல் தொடங்க முடியும். கேட்கப்படாத குழந்தை, பள்ளியில் சொல்வதற்கு ஒரு விடை, தனக்கென்று ஒரு விடை என இரண்டை வைத்துக்கொண்டு வளர்கிறது. இயற்பியலில் தொடங்கும் அப்பழக்கம் இயற்பியலோடு நின்றுவிடும் என்று எவரும் உறுதி சொல்ல இயலாது.